நம் கைகள் மறவாதபடிக்கு

(மருத்துவமனை ஆதரவாளர்களின் வருடாந்தரக் கூடுகையில் ஆற்றிய உரை)



இந்த ஆண்டும் தேவ கிருபையால் நம் மருத்துவமனையின் கதவுகள் ஒரு நாளும் அடைபடவில்லை. உங்கள் ஜெபமும் காணிக்கையும் எங்களைத் தாங்கின. அதற்காக எங்கள் டாக்டர்கள், சிஸ்டர்கள், டிரைவர்கள், வார்டு ஆயாமார் அனைவரின் சார்பிலும் நன்றி சொல்லுகிறோம்.

வழக்கமாக இந்தக் கூடுகையில் புதிய கட்டிடத்தைப் பற்றியோ, புதிதாக வாங்கிய கருவியைப் பற்றியோ சொல்லுவோம். இன்று அப்படி எதுவும் இல்லை. எங்கள் குறை ஒன்றை உங்கள் முன் அறிக்கையிட வந்திருக்கிறோம். அந்தக் குறையிலிருந்து ஆண்டவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததையும், அதில் உங்கள் பங்கு என்ன என்பதையும் சொல்ல விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழைக்காலத்தில் ஓர் இரவு, மலையடிவாரக் கிராமத்திலிருந்து ஒரு தாயை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். பாய் விரித்துத் தரையில் படுத்திருந்தவர். நள்ளிரவில் வயிற்று வலி என்று எழுந்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கண் இமைகள் தொங்கிவிட்டன. காலில் பார்த்தால் வீக்கம் இல்லை, காயமும் சரியாகத் தெரியவில்லை. கட்டுவிரியன் கடித்தால் அப்படித்தான் இருக்கும். டாக்டர் உடனே நஞ்சுமுறிவு மருந்தைத் தொடங்கினார். ஆனால் எங்களிடமிருந்த ஒரே வென்டிலேட்டரில் வேறொரு நோயாளி இருந்தார். மூச்சு பலவீனமாவதைக் கண்டு, அந்தத் தாயை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பத் தீர்மானித்தோம். ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது, அம்பு பேக் இருந்தது, கூட ஒரு சிஸ்டரும் போனார்.

பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது.

இந்த இடத்தில் ஒரு காரியத்தை நீங்கள் அறிய வேண்டும். கட்டுவிரியனின் நஞ்சு தசைகளை முடக்குகிறது. மார்புத் தசைகள் செயலிழந்து மூச்சு நிற்கும்போதும் இருதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் யாராவது காற்றைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் நோயாளி பிழைப்பார். சில நாட்கள் மூச்சுக்கு உதவ வேண்டியிருந்தாலும், பிறகு தசைகள் உயிர்பெற்று அவர் தாமாகவே மூச்சுவிடுவார். அன்று இரவு தேவைப்பட்டதெல்லாம் ஒரு பையும் அதைச் சரியாகப் பிடிக்கும் இரண்டு கைகளுமே.

சிஸ்டர் பையை அழுத்தினார். மார்பு எழும்பவில்லை. முகமூடியின் ஓரங்களில் காற்று வெளியேறிக்கொண்டிருந்தது. இன்னும் பலமாக அழுத்தினார். டிரைவர் தன்னாலான உதவி வண்டியை வேகமாக ஓட்டுவதே என்று எண்ணி வேகத்தைக் கூட்டினார். போய்ச் சேர்ந்தபோது இருதயமும் நின்றிருந்தது.

மூன்றாம் நாள் அந்தத் தாயின் கணவர் எங்களிடம் வந்தார். சண்டை போட வரவில்லை. சிஸ்டரைப் பார்த்து, “பக்கத்துலயேதானே இருந்தீங்க சிஸ்டர். பையை அமுக்கிக்கிட்டேதானே வந்தீங்க. அப்புறம் ஏன் மூச்சு வரல?” என்று மட்டும் கேட்டார். எங்களில் ஒருவராலும் அவருக்கு நேராகப் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தச் சிஸ்டர் சோம்பேறியல்ல. பயிற்சி பெறாதவரும் அல்ல. நான்கு ஆண்டுகளுக்கு முன் உயிர்மீட்புப் பயிற்சிக்குச் சென்று, நன்றாகத் தேறி, சான்றிதழோடு வந்தவர். நாங்கள்தான் அவரைப் பாராட்டிவிட்டு, அதோடு அந்தக் காரியத்தை மறந்துவிட்டோம். நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் கையில் பயிற்சிக்காக ஒரு பையைக் கொடுக்கவில்லை. ராஜிநாமா கடிதத்தோடு வந்த அவரிடம், “இது உங்கள் ஒருவருடைய தவறல்ல, சிஸ்டர். எங்கள் எல்லாருடைய தவறு” என்று சொல்லிக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

அடுத்த வாரம் பக்கத்து மிஷன் மருத்துவமனையிலிருந்து ஒரு பயிற்சி பொம்மையை இரவல் வாங்கி எல்லாரும் செய்துபார்த்தோம். டாக்டர்கள் உட்பட எங்களில் பாதிப்பேருக்கு மேல் அந்த பொம்மையின் மார்பைச் சரியாக எழும்பச் செய்ய முடியவில்லை. வெட்கமாயிருந்தது. ஆனால் வெட்கப்படுவதற்கு ஒரு பொம்மையின் முன்னிலையைவிட நல்ல இடம் இல்லை என்றும் அன்று உணர்ந்தோம்.

அந்த நாட்களில் காலை ஜெபத்தில் இரண்டு இராஜாக்கள் நான்காம் அதிகாரம் வந்தது. சூனேமியாளின் மகன் இறந்துகிடக்கிறான். எலிசா தீர்க்கதரிசி முதலில் தன் தடியைக் கேயாசியிடம் கொடுத்து அனுப்புகிறார். கேயாசி ஓடிப்போய்த் தடியைப் பிள்ளையின் முகத்தின்மேல் வைக்கிறான். சத்தமும் இல்லை, உணர்வும் இல்லை. பிறகு எலிசா தாமே வருகிறார். கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கிறார், குனிகிறார், பிள்ளையின்மேல் படுத்து வாயோடு வாய் வைக்கிறார். எழுந்து வீட்டில் இங்கும் அங்கும் உலாவுகிறார். மறுபடியும் போய்க் குனிகிறார். அது தேவன் செய்த அற்புதம். அதை நாங்கள் மருத்துவப் பாடமாக்கவில்லை. ஆனால் எங்கள் நிலைமையை அந்தப் பகுதி எங்களுக்குக் காட்டியது. ஆம்புலன்ஸும் அம்பு பேக்கும் சான்றிதழும் கேயாசியின் கையிலிருந்த தடியைப் போல முன்னே போய்விட்டன. குனியத் தெரிந்தவர்கள் போகவில்லை.

அன்பானவர்களே, உயிர்மீட்புக் கலை மிகப் பழையதல்ல. அமெரிக்காவில் பீட்டர் சாஃபர் என்ற மயக்க மருந்து மருத்துவர் வாயோடு வாய் வைத்து மூச்சுக்கொடுக்கும் முறையே மேலானது என்று 1950-களின் இறுதியில் நிரூபித்தார். 1960-ல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் மூன்று பேர், மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே இரத்தத்தை ஓடச்செய்யலாம் என்று வெளியிட்டார்கள். ஆனால் இதைப் பழகுவது எப்படி? உயிருள்ள ஒருவரின் நெஞ்சை அப்படி அழுத்திப் பழக முடியாதே. நார்வே நாட்டில் ஆஸ்மண்ட் லேர்டால் என்ற பொம்மை வியாபாரி இருந்தார். தண்ணீரில் மூழ்கவிருந்த தம் சிறு மகனைத் தூக்கிக் காப்பாற்றிய தகப்பன் அவர். அவர்தான் 1960-ல் ஆளுயரப் பயிற்சி பொம்மையைச் செய்தார். பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொம்மை செய்த கைகள் உலகமெங்கும் உயிர்காக்கக் கற்றுக்கொடுக்கும் பொம்மையைச் செய்தன.

ஒருமுறை பழகினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். சைக்கிள் ஓட்டக் கற்றவன் மறப்பதில்லை. இது அப்படிப்பட்டதல்ல. பயிற்சி முடிந்து மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே கையின் திறமை குறையத் தொடங்குகிறது என்று பல நாடுகளில் ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். சான்றிதழின் காலமோ இரண்டு ஆண்டு. காகிதம் செல்லுபடியாகும் காலத்திலேயே கை மறந்துபோகிறது.

மறப்பதற்கு நேரமோ மிகக் குறைவு. மூளைக்கு இரத்தம் போகாவிட்டால் நான்கு முதல் ஆறு நிமிடங்களில் சேதம் தொடங்கிவிடும். திடீரென்று இருதயம் நின்று விழுந்தவருக்கு யாரும் நெஞ்சை அழுத்தாமலும் மின்னதிர்ச்சி கொடுக்காமலும் கழிகிற ஒவ்வொரு நிமிடமும், பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கு குறைகிறது. மார்பின் நடுவே குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம், ஆனால் 6-ஐத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பு முழுவதும் மேலே எழும்ப விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் கை தளர்ந்துவிடும். தளர்ந்ததை அழுத்துகிறவரே உணரமாட்டார். ஆகையால் ஆள் மாற வேண்டும். இதையெல்லாம் இப்போது காதால் கேட்டீர்கள். கேட்டதனால் கை செய்துவிடாது.

அறிவும் மாறிக்கொண்டே வருகிறது. எங்களில் மூத்தவர்கள் படித்த காலத்தில் 15 முறை அழுத்தி இரண்டு மூச்சுக் கொடுக்கச் சொன்னார்கள். 2005-ல் அது முப்பதுக்கு இரண்டு என்று மாறியது. முன்பு மூச்சுக்குழாய் முதலில், நெஞ்சு பிறகு என்று இருந்த வரிசை, பெரியவர்களுக்கு 2010-ல் நெஞ்சு முதலில் என்று மாறியது. பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறு, கயிற்றால் இறுகக் கட்டு என்று ஒருகாலத்தில் கற்பித்தார்கள். இன்று அது கெடுதல் என்று அறிந்திருக்கிறோம். பழைய பாடத்தைப் பயபக்தியோடு காத்துவருவது இந்த ஊழியத்தில் உண்மையாயிருப்பது ஆகாது.

அன்றுமுதல் ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலை ஜெபம் முடிந்ததும் பதினைந்து நிமிடம் பயிற்சி. இருவர் இருவராக வருகிறார்கள். முகமூடியைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் அழுத்தி, மற்ற மூன்று விரல்களால் தாடை எலும்பைத் தூக்குகிறார்கள். ஒருவர் இரண்டு கைகளாலும் பிடிக்க, இன்னொருவர் பையை அழுத்தவும் பழகுகிறார்கள். தவறு செய்தால் யாரும் சிரிப்பதில்லை. பெரிய டாக்டரும் வரிசையில்தான் நிற்கிறார். டிரைவர்களும், வார்டு ஆயாமாரும், கேட்டில் நிற்கும் காவலாளியும் வருகிறார்கள்.

படிக்காதவர்களுக்கு இது ஏன் என்று சிலர் கேட்டார்கள். சாஃபர் மருத்துவரின் வாழ்க்கையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. 1966-ல் அவருடைய சிறு மகள் ஆஸ்துமாவால் இறந்துபோனாள். அடுத்த ஆண்டு பிட்ஸ்பர்க் நகரில் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் ஊழியம் தொடங்கியபோது, அதன் பயிற்சியை அவரே வகுத்தார். அதுவரை அந்நகரில் நோயாளிகளைப் பெரும்பாலும் போலீஸ் வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போவார்கள். அவர் பயிற்றுவித்தவர்கள், ஏழைப் பகுதியில் வேலையின்றி இருந்த கறுப்பின மக்கள். பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்த நாட்டின் மிகச் சிறந்த அவசர உதவியாளர்களாக அவர்கள் விளங்கினார்கள். 1975-ல் அந்த ஊழியம் நிறுத்தப்பட்டாலும், அவர்கள் காட்டிய வழியில்தான் பிற்காலத்து ஆம்புலன்ஸ் பயிற்சி வளர்ந்தது. பட்டம் இல்லாதவரும், விடாமல் பழகினால், உயிர்காப்பார்.

நம் தமிழ்நாட்டிலும் 2008-ல் 108 சேவை தொடங்கியது. ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநரோடு ஒரு மருத்துவ உதவியாளர் வருகிறார். ஓடும் வண்டியிலேயே பிரசவம் பார்த்து, தாயையும் பிள்ளையையும் பத்திரமாகச் சேர்க்கும் அந்தச் சகோதரர்களுக்காகவும் சகோதரிகளுக்காகவும் தேவனைத் துதிக்கிறோம். அவர்கள் எங்கள் வாசலில் நோயாளியை இறக்கும்போது, வண்டியில் கொடுத்துவந்த மூச்சு எங்கள் கையில் நின்றுவிடலாகாது. வியாழக்கிழமைகளில் நேரம் கிடைத்தால் அவர்களும் எங்களோடு பொம்மையின் அருகே முழங்கால்படியிடுகிறார்கள்.

இனி ஒரு சாட்சி. சென்ற ஆண்டு அதே மலையடிவாரத்திலிருந்து பதினொரு வயதுப் பையனை இரவில் கொண்டுவந்தார்கள். மறுபடியும் கட்டுவிரியன். மறுபடியும் வென்டிலேட்டர் காலியில்லை. மறுபடியும் அதே சாலை. பணியிலிருந்தவர் அதே சிஸ்டர். “நான் போறேன்” என்றார். இந்த முறை ஒரு வார்டு ஆயாவையும் அழைத்துக்கொண்டார்.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பையனுடைய மூச்சு நின்றது. சிஸ்டர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் முகமூடியைப் பிடித்துத் தாடையைத் தூக்கினார். ஆயாம்மா பையை அழுத்தினார். மார்பு எழும்பியது. அமர்ந்தது. மறுபடியும் எழும்பியது. டிரைவர் அண்ணன் இந்த முறை வேகத்தைக் கூட்டவில்லை. குலுங்கினால் பிடி நழுவும் என்று வியாழக்கிழமைகளில் அவரும் கற்றிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர்கள் நிறுத்தவில்லை. இறங்கும்போது சிஸ்டரால் விரல்களை விரிக்க முடியவில்லையாம்.

அந்தப் பையன் அங்கே பல நாட்கள் வென்டிலேட்டரில் இருந்தான். பிறகு ஒரு நாள் தன் தாத்தாவோடு எங்கள் வாசலுக்கு நடந்துவந்தான். தாத்தாவின் தோளில் ஒரு வாழைத்தார் இருந்தது. சிஸ்டர் அவனை அணைத்துக்கொண்டு, உள்ளே போய்ச் சற்று நேரம் அழுதார். எதற்காக அழுதார் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும்.

இதைச் சொன்னதும், பழகினால் எல்லாரையும் காப்பாற்றிவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அதே ஆண்டில் பஸ் நிலையத்தில் விழுந்த ஒரு பெரியவருக்கு நாங்கள் நாற்பது நிமிடம் முறைப்படி எல்லாம் செய்தோம். அவர் பிழைக்கவில்லை. வசதி மிகுந்த நாடுகளிலேயே மருத்துவமனைக்கு வெளியே இருதயம் நின்றவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரே உயிரோடு வீடு திரும்புகிறார். ஜீவனைக் கொடுப்பவரும் எடுப்பவரும் கர்த்தரே. ஆனால் அந்தப் பெரியவரின் மகன் கேட்டபோது, “செய்யவேண்டியதையெல்லாம் செய்தோம் தம்பி” என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. முன்பு ஒரு கணவருக்கு அப்படிச் சொல்ல எங்களால் முடியவில்லை.

எங்கள் பொம்மை எப்படி வந்தது என்று தெரியுமா? ஒரு சிறிய சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார், சமைக்கும்போதெல்லாம் எடுத்துவைத்த பிடி அரிசியை விற்றும், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கிடைத்ததைச் சேர்த்தும் அனுப்பினார்கள். அவர்களில் சிலர் இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தப் பையனுடைய மூச்சில் உங்கள் பிடி அரிசி இருக்கிறது, அம்மா.

கட்டிடத்துக்குக் கொடுத்தால் கல்வெட்டில் பெயர் வரும். ஆம்புலன்ஸுக்குக் கொடுத்தால் கதவில் எழுதுவோம். பயிற்சிக்குக் கல்வெட்டு இல்லை. அது வியாழக்கிழமை தோறும் செலவாகிப்போகிற காணிக்கை. அதனால்தான் அதைக் கேட்க நாங்களே தயங்கிவந்தோம். ஆனால் வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையாரை நினைத்துப்பாருங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவிமாருக்காகக் கதவைத் தட்டினார்கள். அவருக்கு இரக்கம் இருந்தது, திறமை இல்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரக்கம் அவரைப் படிக்க அனுப்பியது. 1900-ல் மருத்துவராகத் திரும்பிவந்தார். இரக்கம் உண்மையானால் அது கற்றுக்கொள்ளப் போகும். கற்றதை மறவாமல் காக்கவும் செய்யும்.

ஆகவே இந்த ஆண்டு எங்கள் தேவைகள் இவை. பிறந்த குழந்தையின் அளவில் ஒரு பயிற்சி பொம்மை வேண்டும். பிறந்து அழாத குழந்தைக்கு முதல் நிமிடத்துக்குள் மூச்சுக்கு உதவ எங்கள் பிரசவ அறைச் சிஸ்டர்கள் அதில் பழக வேண்டும். இப்போதுள்ள பொம்மையின் தேய்ந்துபோன உள் பைகளை மாற்ற வேண்டும். சிஸ்டர்கள் வெளியூர்ப் பயிற்சிக்குப் போகும் நாட்களில் அவர்கள் இடத்தில் பணிசெய்கிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். சுற்றியுள்ள சிறிய மிஷன் மருத்துவமனைகளுக்கும் எங்கள் பொம்மையை எடுத்துக்கொண்டுபோய்க் கற்றுக்கொடுக்க வேண்டும்.

பணம் அனுப்ப முடியாதவர்கள் வருந்த வேண்டாம். வியாழக்கிழமை காலையில் எங்களை நினைத்து ஜெபியுங்கள். தாயை இழந்த அந்தக் குடும்பத்துக்காகவும் ஜெபியுங்கள். பாம்பு கடித்தவரை மந்திரிக்கக் கொண்டுபோய் நேரத்தை இழக்க வேண்டாம் என்று உங்கள் ஊரில் சொல்லுங்கள். ஒரு நாள் நேரில் வந்து, எங்களோடு பொம்மையின் அருகே மண்டியிட்டு நீங்களும் பழகிப்பாருங்கள்.

இன்று இரவும் யாராவது நம் கதவைத் தட்டுவார்கள். அப்பொழுது எங்கள் கைகள் மறவாதபடிக்கு எங்களைத் தாங்குங்கள். சகல கிருபையும் பொருந்திய தேவன் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.